பாசிப் படியும் ‘பொறுப்பல்ல’ பலகையும்

வாசகர்களின் சட்டக் கேள்விகளுக்குக் குன்னூர் வழக்கறிஞர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். கோத்தகிரி பக்கம் வீட்டின் கீழ்ப்பகுதியில் மூன்று அறைகளை ஹோம்ஸ்டேவாக நடத்துகிறேன். வீடு என் கணவரின் தாய்மாமா பெயரில் இருக்கிறது. அவர் கோவையில் இருக்கிறார், மாத வாடகை கொடுக்கிறோம். போன ஐப்பசியில் திருப்பூரில் இருந்து வந்து தங்கிய 58 வயது அம்மா ஒருவர், இரவு ஏழரை மணிக்குச் சாப்பிட மேலே ஏறி வரும்போது படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பிளேட் வைத்து ஆபரேஷன். செலவு 1 லட்சத்து 40 ஆயிரம் என்கிறார்கள். இப்போது அவர் மகன் 6 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ‘விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று முன்னறையில் பலகை இருக்கிறது. ரெஜிஸ்டரிலும் அதே வாசகத்தின் கீழேதான் அவர் கையெழுத்துப் போட்டார். ரப்பர் செருப்போடு, போனில் பேசிக்கொண்டே ஏறினார். மழை பெய்தால் படி வழுக்கத்தானே செய்யும்? நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்? படங்கள் அனுப்பியிருக்கிறேன். (ஆடி மாதத்தில் பால்காரரும் அதே படியில் ஒருமுறை விழுந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை.)

– பெயர் வேண்டாம் என்ற வாசகி, கோத்தகிரி

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் கடிதத்தில் இல்லாத சில விஷயங்கள் அவற்றில் இருக்கின்றன.

பதினேழு சிமெண்ட் படிகள். மேலிருந்து ஆறு படிகள் வெளுப்பாக, சுத்தமாக இருக்கின்றன. ஏழாவதிலும் எட்டாவதிலும் மட்டும் இடது பக்கம் கரும்பச்சையாகப் பாசி. ஏன் அங்கே மட்டும் என்று மூன்றாவது படத்தைப் பார்த்ததும் புரிந்தது. கூரைத் தகரத்தின் விளிம்பு சரியாக அந்த இரண்டு படிகளுக்கு மேலே முடிகிறது. தண்ணீரை ஏந்திக்கொண்டு போகத் தகரத்தின் கீழே ஒரு குழாய்கூட இல்லை. சொட்டிச் சொட்டி ஏழாவது படியின் பூச்சு குழிந்து உள்ளே ஜல்லி தெரிகிறது. கைப்பிடிக் குழாய் மேலிருந்து ஐந்தாவது படியோடு நின்றுவிடுகிறது. பல்பு மேல் வாசலில் ஒன்றே ஒன்று. கீழேயிருந்து ஏறுகிறவருக்கு அந்த வெளிச்சம் கண்ணில் அடிக்குமே தவிர, காலுக்குக் கீழே விழாது.

அப்புறம், பால்காரர் விழுந்ததை அடைப்புக்குறிக்குள் கடைசியாக எழுதியிருக்கிறீர்கள். நீதிமன்றத்தில் அதுதான் முதலில் வரும். ஆடியில் ஒருவர் விழுந்திருக்கிறார், ஐப்பசியில் இன்னொருவர் விழுந்திருக்கிறார். நடுவில் மூன்று மாதம் அந்தப் படியை யாரும் தொடவில்லை. “எனக்குத் தெரியாது” என்று சொல்லும் வழி அன்றைக்கே அடைபட்டுவிட்டது.

நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. பிரிட்டிஷ் காலத்தில் இருந்து வந்த தீங்கியல் சட்டத்தையும் (ஒருவர் தவறால் இன்னொருவருக்கு நேர்ந்த கேட்டுக்கு நஷ்டஈடு கேட்க வழி தருவது) அதன் மேல் நம் நீதிமன்றங்கள் எழுதிய தீர்ப்புகளையும் வைத்துத்தான் பார்க்கிறோம். அடிப்படை எளிது. ஓர் இடத்தைக் கையில் வைத்திருப்பவர், தன் சம்மதத்தோடு அங்கே வருகிற யாரும் அந்த இடத்தின் குறையால் அடிபடாதபடி நியாயமான கவனம் எடுத்துக்கொள்ள வேண்டும். காசு கொடுத்துத் தங்குகிறவர் மட்டும் அல்ல. பால்காரர், கேஸ் சிலிண்டர் தூக்கி வரும் பையன், மீட்டர் கணக்கெடுக்க வருகிற மின்வாரிய ஊழியர், தபால்காரர், கல்யாணப் பத்திரிகை வைக்க வரும் உறவுக்காரர் என்று எல்லோருக்கும் இது பொருந்தும்.

இந்தச் சட்டத்தின் வேர் ஒரு தொழிலாளியின் கதை. லண்டனில் ஒரு சர்க்கரை ஆலைக்கு கேஸ் குழாய் வேலையாள் ஒருவர், பொருத்தியிருந்த கருவியைச் சோதிக்கப் போனார். மேல்தளத்தில் தடுப்பே இல்லாத ஒரு திறப்பு. அதன் வழியாக விழுந்து பலத்த காயம். 1866-ல் வந்த அந்தத் தீர்ப்பு என்ன சொன்னதென்றால், வேலை நிமித்தமாக வருகிறவருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உங்கள் இடத்தில் இருந்து, அது உங்களுக்குத் தெரிந்திருந்தாலோ தெரிந்திருக்க வேண்டியிருந்தாலோ, அதில் அவர் சிக்காதபடி பார்த்துக்கொள்வது உங்கள் கடமை. இங்கிலாந்தில் பிறகு 1957-ல் தனிச் சட்டமே போட்டு, அழைப்பின் பேரில் வந்தவர், வெறும் அனுமதியோடு வந்தவர் என்ற பழைய பாகுபாட்டை நீக்கி, எல்லோருக்கும் ஒரே கடமை என்று ஆக்கிவிட்டார்கள். நாம் அப்படி ஒரு சட்டம் போடவில்லை. போட வேண்டும் என்பது என் கருத்து. கோவிலில் இருந்து ஷாப்பிங் மால் வரைக்கும் தினமும் கோடிக்கணக்கான பேர் அடுத்தவர் இடத்தில் கால் வைக்கிற நாடு இது.

சரி, பலகைக்கு வருவோம். அதை நம்பி இருக்காதீர்கள். 1998-ல் டெல்லியில் ஒருவர் பெரிய ஓட்டலுக்குப் போய்க் காரைச் சாவியோடு ஊழியரிடம் கொடுத்தார். டோக்கனில் ‘வண்டி உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்’ என்ற பொருளில் அச்சிட்டிருந்தது. கார் திருடு போய்விட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தன்னுடைய கவனக்குறைவுக்கும் தன் ஊழியரின் கவனக்குறைவுக்கும் ஓட்டல் அந்த வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காருக்கே இப்படி என்றால் கைக்கும் காலுக்கும் என்னவென்று யோசித்துப் பாருங்கள். அதற்காக, பலகையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘பொறுப்பல்ல’ என்பது உங்களைப் பற்றிய வாசகம். ‘இங்கே பாசி வழுக்கும், வலது பக்கம் கைப்பிடியைப் பிடித்து வாருங்கள்’ என்பது வருகிறவருக்கான வாசகம். இரண்டாவதை ஏழாவது படிக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் வைத்து, பிடிக்கக் கைப்பிடியும் வைத்திருந்தால் அது உங்களுக்குக் கை கொடுத்திருக்கும்.

விழுந்தாலே வீட்டுக்காரர் பணம் கட்ட வேண்டும் என்று பயப்படவும் வேண்டாம். மழை பெய்கிற நேரமெல்லாம் துணியோடு படியில் நிற்கச் சொல்லிச் சட்டம் கேட்கவில்லை. இங்கிலாந்தில் 1966-ல் முடிந்த ஒரு வழக்கு கிட்டத்தட்ட உங்கள் வழக்கு மாதிரியே இருக்கும். ஒரு மதுக்கடையின் மாடியில் காசு கொடுத்துத் தங்கிய விருந்தாளி இரவில் பின்படிக்கட்டில் விழுந்து இறந்துபோனார். கைப்பிடி கடைசிப் படி வரைக்கும் இல்லை. மேலே இருந்த பல்பும் காணோம். ஆனாலும் நஷ்டஈடு கிடைக்கவில்லை. கைப்பிடி குட்டையாக இருந்தாலும் வெளிச்சம் இருந்தால் அந்தப் படி பத்திரமானதுதான், பல்பைக் கழற்றியது யாரோ வெளியாள், அதற்கு நிர்வாகம் பொறுப்பாகாது என்றார்கள். உங்கள் பல்பை யாரும் கழற்றவில்லை. வைத்த இடமே சரியில்லை. அதுதான் வித்தியாசம்.

அதே வழக்கில் இன்னொன்றும் முடிவானது. கடையை நடத்திய மேனேஜரும், கட்டடத்துக்குச் சொந்தமான கம்பெனியும், இரண்டு பேருமே அந்த இடத்தைக் கையில் வைத்திருப்பவர்கள்தான் என்றார்கள். பத்திரம் யார் பெயரில் என்பதைவிட, இடம் யார் கட்டுப்பாட்டில் என்பதுதான் கேள்வி. நம் பத்திர எழுத்தர்கள் சுவாதீனம் என்று எழுதுகிறார்களே, அதுதான். படியைக் கழுவுவது நீங்கள், விருந்தாளியை ஏற்றுக்கொள்வது நீங்கள், அதனால் முதல் பொறுப்பு உங்களுடையது. கூரைக்குத் தண்ணீர்க் குழாய் போடுவது மாதிரியான பெரிய ரிப்பேரைத் தாய்மாமாதான் செய்ய வேண்டும் என்று உங்களுக்குள் ஒப்பந்தம் இருந்தால் அவரையும் இதில் சேர்க்க முடியும். அவரிடம் ரிப்பேர் கேட்டு வாட்ஸ்அப்பில் ஏதாவது எழுதியிருந்தால் அழிக்காமல் வையுங்கள்.

போனில் பேசிக்கொண்டு ஏறினார் என்கிறீர்கள். அதற்குச் சாட்சி இருந்தால் அவர் பங்குக்கு உள்ள கவனக்குறைவு என்று சொல்லி நஷ்டஈட்டில் ஒரு பகுதியைக் குறைக்கலாம். முழுதாக நீங்காது. ரப்பர் செருப்பைப் பெரிதாகப் பேசாதீர்கள். திருப்பூரில் இருந்து வருகிற ஒரு அம்மாவுக்கு நம் ஐப்பசிப் பாசி தெரியாது. மாலை ஐந்து மணிக்கே படி ஈரமாகிவிடும், வெயில் வந்தாலும் காயாது என்பது நமக்குத் தெரியும். தெரிந்தவர்தான் தெரியாதவருக்குச் சொல்ல வேண்டும். உங்கள் தோட்டத்தில் சாயங்காலம் காட்டுமாடு வந்து நிற்கும் என்றால் அதுவும் இப்படித்தான். மாடு உங்களுடையது இல்லை, ஆனால் அது வரும் என்பது உங்களுக்குத் தெரியும், அறையில் தங்குகிறவருக்குத் தெரியாது.

இனி செய்ய வேண்டியது. நோட்டீசுக்குப் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள். கொடுத்திருக்கும் கெடுவுக்குள் வக்கீல் வழியாகப் பதில் அனுப்புங்கள். 6 லட்சம் என்பது அவர்கள் கேட்கும் தொகை. ஆஸ்பத்திரி பில்கள், அந்த அம்மா என்ன வேலை பார்த்தார், எத்தனை நாள் வருமானம் போனது, கையில் நிரந்தர ஊனம் ஏதும் உண்டா என்பதற்கான சான்றிதழ் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். அப்புறம் உட்கார்ந்து பேசி முடிப்பதுதான் நல்லது என்பேன். அவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி தாங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நீங்கள்தான் அங்கே அலைய வேண்டிவரும். எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம் என்பதால் போலீசில் அஜாக்கிரதை என்று புகார் கொடுக்கவும் இடம் இருக்கிறது. சமரசமாகப் போனால், இது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது, இந்தத் தொகையோடு எல்லாக் கோரிக்கையும் முடிந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. முதலில் அந்தப் படியை இன்னும் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இந்த வாரமே கொத்து வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, அம்மி கொத்துகிற மாதிரி பதினேழு படியையும் குறுக்காகக் கொத்திவிடச் சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் பாசி போகும், ஆனால் தகரத்துத் தண்ணீரைத் திருப்பிவிடாவிட்டால் அடுத்த மாதமே திரும்ப வரும். கைப்பிடியைக் கீழ்வரை நீட்டுங்கள். எட்டாவது படிக்குப் பக்கவாட்டில் ஒரு பல்பு. பொறுப்புக் காப்பீடு ஒன்றும் எடுத்துவிடுங்கள், ஹோம்ஸ்டேகளுக்குக் கிடைக்கிறது. அப்புறம் அந்தப் பால்காரரைக் கூப்பிட்டு, அன்றைக்கு எங்கே அடிபட்டது, இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் கேட்கவில்லை என்பதால் அவருக்கு உரிமை இல்லை என்று ஆகாது. தினமும் காலையில் இருட்டோடு அந்தப் படியில் இறங்குகிறவர் அவர்தான்.

கேள்வி: கோடைக்கானலில் ஒரு லாட்ஜின் மாடியில் தங்கியிருந்தோம். பால்கனி மரக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் ஒன்பது வயது மகன், கம்பி பிடுங்கிக்கொண்டு வந்ததில் கீழே விழுந்து தொடை எலும்பு முறிந்தது. “பையன் மேலே ஏறி ஆடினான், பெற்றவர்கள் பார்த்திருக்க வேண்டும்” என்று லாட்ஜில் சொல்கிறார்கள். எங்களிடம் ரூம் பில் மட்டும்தான் இருக்கிறது.

– ஒரு தகப்பன், மதுரை

பதில்: பையன் இப்போது ஊன்றி நடக்கிறானா? ஒன்பது வயதில் தொடை எலும்பு நன்றாகக் கூடிவிடும், கவலைப்படாதீர்கள். மறுபரிசோதனைச் சீட்டுகளை மட்டும் விடாமல் சேர்த்து வையுங்கள்.

பால்கனிக் கம்பி எதற்காக இருக்கிறது? சாய்வதற்கும் பிடிப்பதற்கும்தான். ஒன்பது வயதுப் பையன் ஏறியே இருந்தாலும் அவன் பாரத்தில் அது பிடுங்கிக்கொண்டு வரக்கூடாது. குழந்தைகள் பெரியவர்களைப் போல ஜாக்கிரதையாக இருக்க மாட்டார்கள் என்பதை எதிர்பார்த்தே இடத்தை வைத்திருக்க வேண்டும் என்று நான் மேலே சொன்ன இங்கிலாந்துச் சட்டம் எழுத்திலேயே சொல்கிறது. நம் நீதிமன்றங்களும் குழந்தைகளிடம் பெரியவர்களின் ஜாக்கிரதையை எதிர்பார்ப்பதில்லை.

உங்களுக்கு உதவும் பெரிய தீர்ப்பு 1966-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டெல்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் செத்துப்போனார்கள். அந்தக் கட்டடத்துக்கு வயது 80. அதில் பூசியிருந்த சாந்தின் ஆயுளோ 40, 45 வருஷம். ஒழுங்காகச் சோதித்துப் பார்த்ததற்கு நகராட்சியிடம் ஆதாரம் இல்லை. சரியாகப் பராமரித்த கட்டடம் தானாக விழாது, விழுந்ததே கவனக்குறைவைச் சொல்கிறது, குறை வெளியே தெரியாமல் உள்ளே இருந்தது என்பதெல்லாம் சாக்காகாது என்றது நீதிமன்றம். உங்கள் பால்கனிக் கம்பிக்கும் இதே வாதம். எப்போது கடைசியாகச் சோதித்தார்கள், ஆணியும் மரமும் மழையில் உளுத்துப்போனது எப்போது என்று அவர்கள்தான் சொல்லட்டும்.

படம் இல்லை என்பதுதான் உங்கள் குறை. அது எவ்வளவு பெரிய குறை என்பது எனக்கு என் வீட்டிலேயே தெரியும். 2009-ல் எங்கள் அப்பாவை ஒரு உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். மண்டபத்தின் பின்பக்கம் கை கழுவும் இடத்தில் சாக்கடை மூடி ஒன்று இல்லை. மேலே ஒரு கிழிந்த சாக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். அப்பா சாக்கின் மேல் கால் வைத்தார். இடுப்பு எலும்பு போய்விட்டது. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மறுநாள் சாயங்காலம் தம்பி போய்ப் பார்த்தபோது புதுச் சிமெண்ட் மூடி போட்டுச் சுற்றிலும் பூசியிருந்தார்கள், பூச்சின் ஈரம்கூடக் காயவில்லை. மூடி அப்போது இல்லவே இல்லை என்று எங்களால் காட்ட முடியவில்லை. கல்யாண வீட்டாருக்குச் சங்கடம் என்று சாட்சி சொல்லவும் யாரும் வரவில்லை. அப்பா அதற்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தார், வாக்கர் இல்லாமல் ஒரு நாளும் நடக்கவில்லை. அதனால்தான் கேட்பவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்: ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போதே இன்னொருவர் விழுந்த இடத்தைப் படம் எடுக்க வேண்டும்.

இப்போதும் வழி இருக்கிறது. முதலில் சிகிச்சை பார்த்த ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். ‘லாட்ஜ் பால்கனியில் இருந்து விழுந்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று அன்றைய தேதியில் எழுதியிருப்பார்கள். பக்கத்து அறையில் தங்கியவர்கள், உங்களை ஏற்றிப் போன டிரைவர் ஆகியோரின் எண்களைத் தேடிப் பிடியுங்கள். லாட்ஜுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, உடைந்த கம்பியையும் கேமரா பதிவையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷக் கெடு. நீங்கள் கொடுத்த அறை வாடகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. மதுரையிலேயே போடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யலாம். சிவில் கோர்ட்டுக்குப் போவதென்றால் பொதுவாக மூன்று வருஷம், மைனருக்கு இன்னும் சலுகை உண்டு, ஆனால் காத்திருந்தால் சாட்சிதான் கரைந்துபோகும்.

கேள்வி: எங்கள் நிலத்துச் சீகை மரம் ஒன்று, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்காரர்கள் நடக்கும் பாதையின் மேல் சாய்ந்து நிற்கிறது. வெட்டினால் அபராதம், விழுந்தால் வழக்கு என்கிறார்கள். எதைச் செய்ய?

– வாசகர், குன்னூர்

பதில்: நம் மலையில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும், உண்மைதான். அதற்காகச் சும்மா இருக்கக் கூடாது. மரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, வேர் எங்கே கிளம்பியிருக்கிறது என்று படத்தோடு ஆபத்தான மரம் என்று மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அனுமதி வரும்வரை பாதையைக் கயிறு கட்டி மாற்றிவிடுங்கள். சாலையோர மரம் விழுந்து ராஜ்கோட்டில் வேலைக்குப் போன ஒருவர் செத்த வழக்கில், மாநகராட்சி பொறுப்பில்லை என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பில் எனக்கு இன்று வரை உடன்பாடு இல்லை. சாய்வது கண்ணுக்குத் தெரிகிற மரத்தை வைத்திருக்கும் தனி ஆள் அந்தத் தீர்ப்பை நம்பி நிற்கவும் முடியாது.

கேள்வி: எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் காட்டுப்பன்றிக்காகக் கம்பி கட்டி, ராத்திரியில் வீட்டு லைனில் இருந்து நேராகக் கரண்ட் கொடுக்கிறார். கேட்டால், “என் வேலிக்குள் வருகிறவன் திருடன், செத்தால் எனக்கென்ன” என்கிறார். சட்டம் அவர் பக்கமா?

– கல்லூரி மாணவர், கூடலூர்

பதில்: இல்லை தம்பி. அனுமதியோடு வருகிறவருக்குக் காட்டும் அளவு கவனம் அத்துமீறி வருகிறவருக்குக் காட்ட வேண்டியதில்லை என்பது மட்டும்தான் உண்மை. அவரைக் கொல்லப் பொறி வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. பீகாரில் ஒருவர், தன் கக்கூஸை அக்கம்பக்கத்தார் பயன்படுத்தக் கூடாது என்று அதில் மின்கம்பி கட்டினார். ஒரு பெண் தொட்டுச் செத்துப்போனார். “அவள் அத்துமீறித்தானே வந்தாள்” என்று வாதாடினார். 1963-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, தண்டனையை உறுதி செய்தது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து வருஷம் வரை சிறை. கூடலூரில் அந்தக் கம்பியைத் தொடப்போவது திருடன் மட்டும் அல்ல. பந்து எடுக்க வரும் பிள்ளை தொடும், விறகு பொறுக்க வரும் பாட்டி தொடுவார், யானையும் தொடும். யானை செத்தால் வனத்துறை வழக்கு தனி. அவரிடம் இன்றைக்கே இன்னொரு பெரியவரைக் கூட்டிப்போய்ப் பேசு. கேட்காவிட்டால் மின்வாரிய உதவிப் பொறியாளருக்கும் வனச்சரகருக்கும் எழுத்தில் கொடு. உன் பெயர் வெளியே வர வேண்டாம் என்றால் அதையும் மனுவிலேயே எழுதிவிடு. அதுவரைக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளை அந்தப் பக்கம் இருட்டிய பிறகு அனுப்பாதீர்கள்.